கதவு இருக்கும் பக்கம்

கடையின் நடுவே விரித்து நிறுத்தியிருந்த கூடாரத்துக்குள் ராலிட்சா குனிந்து நுழைந்து, உள் ஓரமாகப் போய்ப் படுத்தாள்.

பின்னாலேயே வந்த கலோயன் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அவள் பக்கத்தில் நீட்டிப் படுத்தான். கதவோரம். எந்த மலைக்குப் போனாலும் அவன் புருஷலட்சணமாகப் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

வெளியே கடைக்காரப் பெண் விடுவதாக இல்லை. "ரெண்டு பேருக்குன்னா ரெண்டு கதவு வச்சதையே எடுங்க. முந்நூறு கிராம்தான் கூட. ராத்திரியில ஒருத்தரை ஒருத்தர் மிதிக்க வேண்டாம்."

"அந்த முந்நூறு கிராமை நீங்களா வந்து சுமக்கப் போறீங்க?" பல் துலக்கும் பிரஷ்ஷையே பாதியாக வெட்டி எடுத்துப்போகிற ஆள் அவன். "பழசும் ஒத்தக் கதவுதான். ஒரு குறை சொல்ல முடியாது."

பழசில் அவனோடு போனவள் நெவேனா, முதல் மனைவி. பால்கன் மலைமுகட்டில் ஓர் இரவு எழுந்து வெளியே போனவள், பள்ளத்தில் விழுந்து செத்தாள்.

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன் ராலி. அவ எப்ப எழுந்து போனான்னே தெரியலை" என்று அவன் தேம்பியபோது, தலையை மடியில் கிடத்திக்கொண்டவள் ராலிட்சா. ஊர் கண்டதையும் பேசியபோது ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்றாள். பெற்ற தாயிடம்கூடப் பேச்சை விட்டாள். அப்படி நம்பித்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அதே முகட்டுக்குக் கிளம்புகிறார்கள். நெவேனா விழுந்த இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, வேகவைத்த கோதுமை படைத்துவிட்டு வரலாம் என்று சொன்னதே ராலிட்சாதான்.

"இரு, நான் வெளிய போக முடியுதான்னு பாக்கறேன்" என்று எழுந்தாள்.

முட்டி அவன் விலாவில் இடித்தது. ஊன்றிய கை அவன் முடியைப் பிடித்து இழுத்தது. ஜிப்பை எட்டுவதற்கு அவன் மார்பின்மேல் முழுசாகக் கவிழ வேண்டியிருந்தது. ஜிப் கிறீச்சிட்டது.

"பாத்தியா! என்னை எழுப்பாம ஒரு பூனைகூட வெளிய போக முடியாது!" அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவளும் சிரிக்கத்தான் போனாள். அன்றைக்கும் கதவோரம் படுத்திருந்தவன் இவன்தானே என்று தோன்றியது.

அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் சிரிப்பை நிறுத்தினான்.

ஜிப் பாதிதான் திறந்திருந்தது. அதைப் பிடித்திருந்த அவள் மணிக்கட்டை அவன் கை மெல்லப் பற்றியது.

"என்ன, எடுத்துக்கறீங்களா?" என்று வெளியிலிருந்து கடைக்காரப் பெண் கேட்டாள்.

"எடுத்துக்கறோம்" என்றான் கலோயன்.