பாதித் தடிமன்

“ஒன்பதாவது ஃபில்டரும் அதிர்வுச் சோதனையில கிழிஞ்சிடுச்சு சார்,” என்றாள் பொறியாளர், வாசலிலேயே நின்றபடி.

விண்வெளியில் எக்ஸ்ரே கதிர்களைப் பார்க்கப்போகும் தொலைநோக்கிக்கான மெல்லிய படலம் அது. போன மாதம்தான் பொறுப்பேற்றிருந்த திட்டத் தலைவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“கொஞ்சம் தடிமனாப் பண்ணினா என்னம்மா?”

“விட மாட்டாங்க சார். தடிமனைப் பாதியாக் குறைக்கணும்னு ஆறு வருஷம் முன்னாடி மதிப்பீட்டுக் குழுவுல யாரோ நிபந்தனை போட்டுட்டாங்க. பேரு ரகசியமாம். ஆள் மட்டும் கிடைச்சா, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்!”

“ஃபிளைட்டுக்கு நேரமாச்சுன்னு திட்ட அறிக்கையில முதல் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு, நிபந்தனையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.”

“உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

தலைவர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காரும்மா. அந்த நாலு கேள்வியையும் கேட்டுடு.”