நம்ம குடும்பம் 2

மேசைமேல் இரண்டு கைப்பேசிகள் அருகருகே கிடக்கின்றன. சன்னல் வெயில் இரண்டின்மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. தங்கையுடையது நிமிடத்துக்கொரு தரம் 'டிங்' என்கிறது. அண்ணனுடையது வாயே திறக்கவில்லை. அண்ணன் முப்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவர், 'நம்ம குடும்பம்' வாட்ஸ்அப் குழுவில் யார் எதை அனுப்பினாலும் "யாரு சொன்னது?" என்று கேட்டுக் கேட்டு 'ஆதாரம் மாமா' என்று பெயர் வாங்கியவர். பத்து நாளாகக் குழுவில் ஈ காக்கை இல்லை. எல்லாருக்கும் வேலை போலிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். அடுப்படியில் தங்கை பாத்திரம் கழுவும் சத்தம். மறுபடி 'டிங்'. பார்க்கக் கூடாதுதான், கண் போய்விடுகிறது. திரையில் 'நம்ம குடும்பம் 2'. அதன் கீழே, பிரஷர் மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லும் பெயரில்லாத டாக்டர் ஒருவர். அவளுடைய கைப்பை திறந்திருக்கிறது. உள்ளே மாத்திரை அட்டை, ஒன்றுகூடப் பிதுக்காமல் முழுசாக. ஈரக்கையோடு வந்த தங்கை கைப்பேசியை அவசரமாகக் கவிழ்த்து வைக்கிறாள். "மாத்திரையை மட்டும் நிறுத்திடாதம்மா" என்கிறார் அவர். அவள் வெடுக்கென்று நிமிர்கிறாள். "யாருண்ணா சொன்னது?" அவருடைய கேள்வி, அவருடைய குரலிலேயே. "உன் கையைப் பிடிச்சுப் பார்த்த டாக்டர்தாம்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கவிழ்ந்து கிடப்பது 'டிங்' என்கிறது. அவள் கை அங்கே போய்விடுகிறது.