அறுபத்தாறில் முளைத்தது

ஈறு வலிக்கிறதென்று பல் டாக்டரிடம் போன தையல்காரம்மாவுக்கு வயது அறுபத்தாறு. வலித்த இடத்தில் பல்லே கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவரும் இதே டாக்டர்தான். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தார்.

"புதுசா முளைக்குதும்மா. நல்ல வேரோட வருது."

"இந்த வயசுலயா?" என்று சிரித்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கணவனை இழந்த தங்கை ஐம்பத்து மூன்றாவது வயதில் மறுமணம் செய்துகொண்டபோது, நாலு பேர் முன்னால் இவள் கேட்டதும் இதே கேள்விதான். அதோடு பேச்சு அறுந்து பதினோரு வருடம் ஆகிறது. செய்தது தப்பு என்று என்றைக்கோ தெரிந்துவிட்டது. இனிமேல் மாறி என்ன ஆகப்போகிறது, கட்டையில் போகும்வரை இப்படியே இருந்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தைக்கக் கிடந்த சட்டைகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள்.

"நான்தான்டி. அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

தங்கை மெல்லக் கேட்டாள்.

"கீழ் வரிசையில, இடது பக்கமா, அக்கா?"

பல்லைப் பற்றி இவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஆமாம்" என்றாள்.

"எனக்குப் போன மாசமே வந்துடுச்சு. முதல்ல கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நல்லா கடிச்சுத் திங்கற மாதிரி ஏதாவது செஞ்சு வை."