இலவசமும் முடியாது சாரும்

‘ஒரே பேர்ல ரெண்டு புத்தகம் எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு?’ என்று கல்லூரி நூலகத் தளத்திலிருந்து ஒன்றை அழித்தார் நூலகர். அத்தோடு விட்டாரா? தளத்தின் குப்பைத்தொட்டியையும் காலி செய்து, சாதித்த திருப்தியோடு காபி குடிக்கப் போனார்.

பாதிக் காபியில்தான் சந்தேகம் தட்டியது. ஓடிவந்து, மிச்சமிருந்த புத்தகத்தைத் திறந்து பார்த்தார். உராய்வுப் பாடத்தில் ஒரு பனிச்சறுக்கு வண்டி ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது.

அது பழைய மூலப் புத்தகம். பனியையே பார்த்திராத பிள்ளைகளுக்காக அந்த வண்டியை இறக்கிவிட்டு, ஈரத்தரையில் வழுக்கும் செருப்பைக் கொண்டுவந்து, இயற்பியல் மேடம் இரண்டு வருஷம் பக்கம் பக்கமாகத் திருத்தி எழுதி, போன மாதம் முடித்த புத்தகம்தான் பரலோகம் போயிருந்தது. நாளைக் காலை அவருக்கு முதல் வகுப்பு. இருநூறு பிள்ளைகளுக்கும் அதுதான் பாடநூல்.

கல்லூரியில் நூலகருக்கு ‘இலவசம்’ என்று பட்டப்பெயர். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், நகலெடுக்கலாம், தன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றலாம் என்று எழுதியவர்களே அனுமதி கொடுத்துவிட்ட திறந்த பாடநூல்களைப் பேராசிரியர்கள் தலையில் கட்டுவது அவர் வேலை. மூன்று வருஷம் தொண்டை வற்றக் கத்தியதில் தேறியது மேடம் ஒருவர்தான்.

“உங்க கம்ப்யூட்டர்ல எதுக்கு மேடம் வீண் சுமை? நம்ம தளத்துலயே திருத்துங்க, நான் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன்” என்று வாய் கிழியச் சொன்னவரும் இவரேதான்.

கணினி அறைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “குப்பைத்தொட்டியையுமா காலி பண்ணீங்க? என்ன சுத்தம் சார் உங்களுக்கு! வீட்லயும் இப்படித்தானா?”

“வீட்ல குடிச்ச தம்ளரைக்கூட நகர்த்த மாட்டேன்யா. இங்கதான் கை அரிச்சுது.”

தளத்திலிருந்து யாராவது ஒருவர் இறக்கி வைத்திருந்தால் போதும், தலை தப்பிக்கும். துறை துறையாக ஏறி இறங்கினார்.

“அந்தப் புத்தகமா? அருமையான புத்தகமாச்சே!” என்றார் வேதியியல்காரர்.

“உங்ககிட்ட இருக்கா சார்?”

“ஒருநாள் திறந்து பாக்கணும்னு இருக்கேன்.”

கணக்கு மேடம் இன்னும் தாராளம். “அனுப்பி வைங்களேன், கட்டாயம் படிக்கறேன்.”

“அதைத்தான் மேடம் நான் உங்ககிட்ட கேக்கறேன்!”

“சரி, அப்ப லிங்க் மட்டும் அனுப்புங்க.”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாமா என்று வந்தது நூலகருக்கு. மூன்று வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது.

முன்னதாகவே தொடங்கிவிட்ட மாலை வகுப்புகளை எடுக்கும் மூத்த இயற்பியல் பேராசிரியரிடம் மட்டும் அவர் போகவில்லை. எதைக் கேட்டாலும் முதல் வார்த்தை “முடியாது” என்பதால் அவர் ‘முடியாது சார்’. “ஓசியில வர்றது எதுவும் உருப்படாது” என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்குகிறவர். அவரிடம் போய்க் கேட்பதற்கு ஏதாவது கிணறு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் மத்தியானம் அவரே வந்து நின்றார், கக்கத்தில் குடையோடு.

“என்ன இலவசம், புத்தகத்தை முழுங்கிட்டியாமே? காலேஜ் பூரா இதே பேச்சு.”

“வெந்த புண்ணுல வேல் பாய்ச்சாதீங்க சார்.”

“போனா போகுது விடுய்யா. செருப்பு வழுக்குறதெல்லாம் ஒரு பாடமா?”

நூலகரின் கண் வாசலுக்குப் போனது. மேடம் படியேறி வந்துகொண்டிருந்தார்.

“மேடம்... உங்க புத்தகத்தை அழிச்சிட்டேன். முழுசா. வேற யாரும் இல்ல, நான்தான்.”

“விளையாடாதீங்க சார்” என்று சிரித்தார் மேடம். நூலகரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பொண்ணு பரீட்சைக்குப் படிக்க, நான் பக்கத்துல உக்காந்து எழுதினது சார். அவ பன்னெண்டாவதே முடிச்சிட்டா.” கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “பரவால்ல விடுங்க. நாளைக்கு அந்தப் பழசையே வச்சு ஓட்டிக்கறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் நூலகர். அந்தப் ‘பரவால்ல’தான் அறுத்தது. ஆற்றாமையெல்லாம் முடியாது சார் பக்கம் திரும்பியது. மனுஷன் இன்னும் நகராமல், குடைக் கம்பியை நோண்டிக்கொண்டு நின்றிருந்தார்.

“இன்னும் என்ன சார் வேடிக்கை? உங்களுக்கு இதுல சந்தோஷம்தானே? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நேரா பதில் சொல்லுங்க!”

முடியாது சார் வாசல் பக்கம் போய், வராந்தாவில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேடத்தின் முன்னால் வைத்தார்.

“வெளிய சொல்லிடாதீங்கம்மா, மூணு வாரமா நான் இதை வச்சுத்தான் பாடம் நடத்துறேன்.”