கழுதைக்குப் போர்த்திய பொன்னாடை

காட்டில் அடிபட்டுக் கிடக்கும் பிராணிகளைக் காப்பகத்துக்குச் சுமந்து வருவது கழுதையின் வேலை. வேலை என்று சொன்னால் காப்பகத் தலைவர் யானைக்குப் பிடிக்காது. "இது தொண்டும்மா" என்பார். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவார். கைதட்டலில் கழுதைக்குக் கண் கலங்கிவிடும். பசி மட்டும் அப்படியே இருக்கும்.

வண்டிமாடுகள் சங்கம் வைத்து, உச்சிவெயிலில் ஓய்வும் வயிறு நிறைய வைக்கோலும் கேட்டு வாங்கிவிட்டன. "நீயும் வந்து சேரேன்" என்றது காளை.

"நீங்க நின்னா மூட்டைதான் கிடக்கும். நான் நின்னா ஒரு உயிரே போயிடும்" என்று கழுதை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் கால் ஒடிந்த முயலைச் சுமந்து வரும்போது கழுதைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னங்கால் மடங்கியது. முயல் உருண்டுபோய் முள்ளில் விழுந்தது.

"ஐயோ, மன்னிச்சிரு தம்பி!"

முயல் முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "நீ எப்பக்கா கடைசியா சாப்பிட்டே?" என்று கேட்டது.

கழுதை நேரே யானையிடம் போய் வைக்கோல் கேட்டது.

"உன்னை மாதிரி நல்ல மனசுக்காரியா வைக்கோலுக்குக் கணக்குப் பாக்கிறது?" யானை வருத்தப்பட்டு, இன்னொரு பொன்னாடை போர்த்தி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்குக் கழுதை போனது. முதுகில், காலில் கட்டுப் போட்ட முயலும் இருந்தது. கூட்டம் நடந்த இடமெல்லாம் கல். கழுதை பொன்னாடையை உதறி, கீழே விரித்து உட்கார்ந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோக்கா, நானும் உட்காரணும்" என்றது முயல்.