வானத்திலிருந்து வந்த குரல்

செயற்கைக்கோளின் மின்கலம் அன்று மாலையோடு தீர்ந்துவிடும். ஏவிய நாளிலிருந்து அதனிடமிருந்து ஒரு சமிக்ஞையும் வந்து சேரவில்லை. இந்த நிலையத்துக்கு மேலே அது கடக்கப்போகும் கடைசிச் சுற்று இதுதான்.

"இப்பவும் சத்தம் வரலேன்னா இந்த இடத்தையே பூட்டிடுவாங்க. அப்புறம் நான் வீட்ல உக்காந்து உனக்குக் காய் நறுக்கித் தர வேண்டியதுதான்," என்றார் அதை வடிவமைத்த பொறியாளர்.

"சும்மா இருங்க, கேக்க விடுங்க," என்று அதட்டினாள் ஹெட்போனுடன் அமர்ந்திருந்த அவர் மனைவி.

திடீரென்று ஒலிபெருக்கி 'கீச், கீச்' என்று கத்தியது.

"பேசிடுச்சு! பேசிடுச்சு!" என்று பொறியாளர் குலுங்கி அழுதார். பத்திரிகைகளுக்குச் சொல்ல, பக்கத்தில் நின்ற நிலைய இயக்குநர் தொலைபேசியை எடுத்தார்.

"போனை வைங்க சார்," என்றாள் அவள். "புதுசு தெற்குலேருந்து வரணும். ஆன்டெனாவை மேற்கே திருப்புனாத்தான் இந்தச் சத்தம் கூடுது. இது இவரு முன்னாடி விட்ட முதல் சாட்டிலைட்."

"அதுதான் எப்பவோ செத்துப்போச்சே!" என்றார் பொறியாளர்.

"அதோட சூரியத் தகட்டுல வெயில் பட்டு மறுபடி உசுர் வந்திருக்கு. ரெண்டுக்கும் ஒரே அலைவரிசை. புதுசு இதுக்கு அடியில முனகுறது எனக்குக் கேக்குது. ஆனா அது அனுப்புற ஒரு எண்ணைக்கூடப் பிரிச்செடுக்க முடியல."

"அப்ப பழசோட வாயை அடைச்சுத் தொலை!"

"எப்படிங்க அடைக்கிறது? ஒரு வருஷத்துல தானா அணையுற மாதிரி கடிகாரம் வெக்கலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'முடிஞ்ச வரைக்கும் பேசட்டுமே'ன்னு கழட்டிப் போட்டது நீங்கதானே?"

பொறியாளர் ஒலிபெருக்கியை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்தினார். அவர் படைத்த இரண்டும் அடிவானத்தில் இறங்கும்வரை, முதலாவது மட்டுமே குரல் சற்றும் தளராமல் பேசிக்கொண்டிருந்தது.