கடைசிக் கோப்பை

ஊர் பேர் தெரியாத ஒயின்களை, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான பதார்த்தத்தோடு ருசி பார்க்கும் விருந்து அது, ஒரு தம்பதியின் வீட்டில். தன் ஹோட்டலுக்கு ஒயின் தேர்ந்தெடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த முதலாளி, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவந்து வைக்க வைக்க, கணவன் பெருமை அளந்துகொண்டிருந்தான்.

"மீனுக்கு இது. எலுமிச்சைத்தோல் வாசம் வருதா? கறிக்கு இது. மோந்தா மிளகு தெரியும்."

முதலாளி மோந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது. "மேடமும் ஒரு வாய் குடிக்கலாமே?"

"இவளா? ஒயினும் கழனித்தண்ணியும் இவளுக்கு ஒண்ணுதான் சார். ஏதோ சமைக்கவாவது தெரிஞ்சுதே."

அவள் அடுக்களைக்குப் போய், சீஸ் தட்டோடு கடைசிக் கோப்பைகளை எடுத்துவந்தாள்.

கணவன் தவத்தில் இருப்பவன் போலக் கண்ணை மூடி மோந்தான். "ஆகா, பழுத்த பேரிக்காய்."

முதலாளி மோந்தார். முகம் கோணியது. "சார், இது வினிகர்."

கணவன் திருதிருவென்று விழித்தான்.

"காய்ச்சல்ல இவர் மூக்கு செத்து ஆறு மாசம் ஆச்சுங்க," என்றாள் அவள். "ஒவ்வொரு பாட்டிலா ருசி பார்த்து எழுதிக் குடுத்தது நான்தான். ஆனா ஒண்ணு, மனப்பாடம் நல்லாப் பண்ணுவாரு."